விருந்தாளிக்காக நஞ்சடித்த கீரை

போன வருடம் மாரி வெள்ளாமை வெட்டி முடிந்து, வயல் வட்டைகளில் வைக்கோல் காய்ந்துகொண்டிருந்த காலம். மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, மண்டூருக்கும் வெல்லாவெளிக்கும் இடையில் இருக்கிற எங்கள் சின்ன ஊரில் நடந்தது இது. யாருடைய பெயரையும் நான் சொல்லப் போவதில்லை. பெயரைச் சொன்னால் ஒரு ஆளோடு எனக்கிருக்கிற சண்டை என்று ஆகிவிடும். என் கோபம் அந்த ஒரு ஆளோடு முடிகிற கோபம் இல்லை.

முதலில் எங்கள் தோட்டத்தைப் பற்றிச் சொல்கிறேன். நாட்டில் ஒன்றுமே கிடைக்காமல் போன அந்தக் காலம் எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். எரிவாயு இல்லை, பெற்றோல் இல்லை, பால்மா இல்லை. வயலுக்குப் போட உரம் இல்லாமல் எங்கள் ஊர் வெள்ளாமையின் பெரும்பகுதி பதராகப் போனது. பாடசாலையில் காலைக் கூட்டத்தில் பிள்ளைகள் மயங்கி விழுந்தார்கள். என்ன சாப்பிட்டாய் என்று கேட்டால் தலையைக் குனிந்துகொண்டு நிற்பார்கள். நெல் விளைகிற ஊரில் பிறந்த பிள்ளைகள் பசியில் விழுந்ததைப் பார்த்தவர்களுக்குத்தான் அந்த வலி தெரியும்.

அப்போதுதான் பாடசாலைக்குப் பின்னால், வாய்க்காலுக்கும் ரோட்டுக்கும் நடுவில் பற்றைக்காடாகக் கிடந்த பொதுக்காணியை, நானும் ஊர்ப் பெண்கள் சிலரும் கேட்டு வாங்கி வெட்டத் தொடங்கினோம். கையெல்லாம் முள் கிழித்தது. ஆளுக்கொரு துண்டாகப் பிரித்து மரவள்ளி, வத்தாளங்கிழங்கு, கத்தரி, வெண்டி, பயிற்றை என்று வைத்தோம். உரமும் மருந்தும் கிடைக்காததால் மாட்டெருவையும், வாய்க்காலை அடைத்துக்கொண்டு கிடந்த ஆத்துவாழை என்கிற ஆகாயத்தாமரையையும் இழுத்துப்போட்டு மக்க வைத்துப் பாவித்தோம். ஒரு போகம் போனதும் மண் கறுத்துப் பஞ்சு மாதிரி ஆகிவிட்டது. பிறகு கடைகளில் எல்லாம் வந்தது. ஆனாலும் நாங்கள் எண்ணெய் அடிக்கத் திரும்பவில்லை. எண்ணெய் அடிப்பது என்றால் எங்கள் பக்கத்தில் பூச்சிக்கோ புல்லுக்கோ நஞ்சு தெளிப்பது. நாங்களே தின்கிற பொருளுக்கு அது எதற்கு என்று எல்லோருமாகக் கூடிப் பேசி முடிவெடுத்தோம்.

தோட்டத்தைவிட எனக்குப் பிடித்தது வாய்க்கால்கட்டு, வாய்க்காலை ஒட்டிய அந்த மண்கரைதான். தோட்டத்துக்குள் துண்டு உள்ளவர்கள்தான் பறிக்கலாம். வாய்க்கால்கட்டில் அப்படி இல்லை. அங்கே பொன்னாங்காணி, வல்லாரை, குப்பைக்கீரை, திராய் எல்லாம் தானாக முளைத்து அடர்ந்து கிடக்கும். இடையிடையே நாங்கள் அகத்தியும் முருங்கையும் நட்டோம். யார் வேண்டுமானாலும் வந்து ஆய்ந்துகொண்டு போகலாம், யாரையும் கேட்கத் தேவையில்லை என்று வைத்திருந்தோம். வாவியில் மீன் கிடைக்காத நாட்களில் அந்தக் கட்டின் மேல் ஆட்களை எண்ண முடியாது. பாடசாலையில் பிள்ளைகளுக்கு இடைவேளைச் சாப்பாடு சமைக்கிற பெண்ணும் விடியற்காலையில் வந்து ஒரு கூடை நிறைய ஆய்ந்துகொண்டு போவாள். அவள் என் ஒன்றுவிட்ட மச்சாள். கொழும்பில் ஒரு சாப்பாட்டுக் கடைச் சமையலறையில் பல வருடம் வேலை செய்துவிட்டு வந்தவள். அவள் செய்கிற கீரைச் சுண்டலுக்காகவே பாடசாலைக்கு வருகிற பிள்ளைகள் இருந்தார்கள்.

இந்தத் தோட்டத்தைப் பார்க்க வேறு ஊர்களிலிருந்தும் ஆட்கள் வந்தார்கள். கொக்கட்டிச்சோலைப் பக்கம் சில ஊர்களுக்கு என்னைக் கூப்பிட்டுப் பேசச் சொன்னார்கள். நான் படித்தவள் இல்லை. ஆனாலும் போய், கையால் மண்ணைப் பிசைந்து காட்டிச் சொல்லிக்கொடுத்தேன். அங்கேயும் பெண்கள் இப்படித் தோட்டம் தொடங்கினார்கள். அதில் எனக்குப் பெரிய சந்தோசம்.

இப்படி இருக்கும்போது, எங்கள் பகுதிக்குப் பொறுப்பான உத்தியோகத்தர் ஒருவர் போன் எடுத்தார். நகரத்தில் இருந்து வந்துபோகிறவர், என்னைவிட வயதில் இளையவர். கொழும்பிலிருந்து பெரிய அதிகாரி ஒருவரும், உதவி கொடுக்கிற நிறுவனக்காரரும் வெள்ளிக்கிழமை தோட்டத்தைப் பார்க்க வருகிறார்களாம். ‘நஞ்சற்ற உணவுக் கிராமம்’ என்று பெயர்ப்பலகை திறக்கப் போகிறார்களாம். கோடைக்குத் தண்ணீர் இறைக்க ஒரு பம்பி கிடைக்க வழி இருக்கிறதாம். எங்களுக்குத் தலைகால் புரியவில்லை. கோடையில் குடம் குடமாகச் சுமந்து தோள் இறங்கிப் போனவர்கள் நாங்கள்.

அந்தக் கிழமை தொடக்கத்தில் அவர் இடம் பார்க்க வந்தார். தோட்டத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டு ரோட்டோரத்தில் நின்றார்.

“எல்லாம் வடிவாத்தான் கிடக்கு அக்கா. அந்த வாய்க்கால்கட்டுத்தான் காடு பத்திக் கிடக்கு. வாகனத்தால இறங்கினாக் கண்ணில படுற இடம். அதைத் துப்பரவாக்கிரணும்.”

“அது காடில்ல சேர், கீரை” என்றேன். “அதையும் அவருக்குக் காட்டத்தான் வேணும்.”

அவர் சிரித்தார். “சரி சரி, நான் பாத்துச் செய்யிறன்” என்று மோட்டார் சைக்கிளில் ஏறிவிட்டார். அந்தச் சிரிப்புக்கு நான் அர்த்தம் தேடவில்லை.

அன்று பின்னேரம் நான் வாவியின் அக்கரைக்கு, என் மகள் வீட்டுக்குப் போனேன். வெள்ளிக்கிழமைக்கு விரிக்க நல்ல மேசைச்சீலை அவளிடம் இருந்தது. இரவு அங்கே தங்கிவிட்டு, மறுநாள் காலை ‘பாதை’யில் ஏறித் திரும்பினேன். வாவியைக் கடக்க எங்களுக்கு இருக்கிற இயந்திர மிதவையைத்தான் பாதை என்போம். கரையில் வைத்துவிட்டுப் போன சைக்கிளை எடுத்துக்கொண்டு ஊருக்குள் மிதித்தேன். வாய்க்கால் திருப்பம் வந்ததும் மூக்கில் அடித்தது அந்த மணம். வயல்காரர்களுக்கு அதைச் சொல்லித்தரத் தேவையில்லை. பக்கத்து வயலில் யாரோ அடிக்கிறார்கள் என்றுதான் முதலில் நினைத்தேன். கட்டைப் பார்த்த பிறகுதான் கால் நின்றுவிட்டது.

கட்டு முழுவதும் இலைகள் நனைந்து மினுங்கிக்கொண்டிருந்தன. எங்கள் தோட்டவேலி வரைக்கும் அடித்திருந்தது. கட்டின் மறுமுனையில் முதுகில் டாங்கி மாட்டிய ஒருவர், மேலில் சட்டை இல்லாமல், வாயைச் சுற்றி ஒரு பழந்துணியைக் கட்டிக்கொண்டு இன்னும் அடித்துக்கொண்டு நின்றார். பக்கத்து ஊர்க்காரர். கூப்பிட்ட இடத்துக்குக் கூலி வேலைக்குப் போகிறவர்.

சைக்கிளைப் போட்டுவிட்டு ஓடினேன். “என்னத்த தம்பி அடிக்கிறாய்?”

“புல்லெண்ணெய் அக்கா.”

“ஆரு அடிக்கச் சொன்ன?”

“தோட்டத்துக்குப் பெரியாக்கள் வாறாங்களாம். துப்பரவாக்கட்டாம். உங்களுக்கும் தெரியும் எண்டுதான் சேர் சொன்ன.”

எனக்கு வாயில் என்னென்ன வந்ததோ எல்லாவற்றையும் கொட்டினேன். அவர் டாங்கியின் பிடியைக் கையில் வைத்துக்கொண்டு முழித்தார். திட்டிக்கொண்டிருக்கும்போதே எனக்கு நெஞ்சில் பளிச்சென்று ஒன்று பட்டது.

“எப்ப தொடங்கின?”

“விடியவே. காத்து எழும்ப முதல் அடிச்சாத்தான் ஒட்டும் எண்டு அங்கிட்டு நுனியில இருந்து தொடங்கின நான்.”

அங்கிட்டு நுனி என்றால் பாடசாலைப் பக்கம். என் மச்சாள் கீரை ஆய்கிற இடம்.

பாடசாலை வாசலை எப்படி எட்டினேன் என்று எனக்குத் தெரியாது. சமையல் கொட்டிலில் சோறு இறக்கியிருந்தது. பெரிய தாச்சியில் கீரைச் சுண்டல், தேங்காய்ப்பூ தூவி ஆவி பறக்கக் கிடந்தது. சின்ன வகுப்புப் பிள்ளைகள் தட்டுகளைக் கையில் பிடித்துக்கொண்டு வரிசையில் நின்றார்கள். மச்சாள் அகப்பையை எடுத்திருந்தாள்.

“வைக்காத” என்றேன். மூச்சு வாங்கியதில் வேறு சொல் வரவில்லை. “கீரைய வைக்காதகா. கட்டுக்கு எண்ணெய் அடிச்சிரிக்காங்க.”

அவள் அகப்பையைக் கீழே வைத்தாள்.

“நான் விடிய ஆயக்குள்ள இலையெல்லாம் ஈரமாக் கிடந்த” என்றாள். “பனி எண்டு நினைச்ச நான். மூக்கடைப்புல மணமும் தெரியல்ல. கழுவினதான். ரெண்டு தரம் கழுவின.”

கழுவினால் போய்விடுமா, எவ்வளவு நஞ்சு அதில் இருந்தது, அவள் ஆய்ந்த இடத்தில் அதற்குள் அடித்திருந்தார்களா என்றெல்லாம் எனக்குத் தெரியாது. யாருக்கும் தெரியாது. அந்தத் தெரியாமைதான் என்னைக் கொன்றது. பாடசாலை அதிபர் ஓடிவந்தார். தாச்சியோடு தூக்கிக்கொண்டு போய் மதிலோரத்தில் கிடங்கு வெட்டி, கோழியோ நாயோ கிளறாதபடி ஆழமாகப் புதைத்தோம். அன்றைக்குப் பிள்ளைகள் சோற்றைத் தேங்காய்ச் சம்பலோடு சாப்பிட்டார்கள். மச்சாள் குழாயடியில் நின்று கையைத் திரும்பத் திரும்பத் தேய்த்துக் கழுவிக்கொண்டே இருந்தாள். நான் போய்த் தண்ணீரை நிற்பாட்டும் வரைக்கும் விடவில்லை.

பிறகு கோயிலுக்குப் போய் ஒலிபெருக்கியைப் போட்டு, கட்டுக் கீரையை யாரும் ஆய வேண்டாம், ஆய்ந்திருந்தால் எறிந்துவிடுங்கள் என்று சொல்ல வைத்தோம். மூன்று நான்கு வீடுகளில் கறிச்சட்டியைக் கொட்டினார்கள். ஒரு வீட்டில் மட்டும் நாங்கள் பிந்திப்போனோம். அந்த இளம் தாய் குழந்தைக்கு அப்போதுதான் சோறு பழக்கிக்கொண்டிருந்தாள். காலையில் பொன்னாங்காணியை அவித்துப் பிசைந்து ஊட்டி முடித்திருந்தாள். நான் போனபோது அவள் அழவில்லை. குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு வாசற்படியில் இருந்தாள். ஒவ்வொரு தரம் குழந்தை கொட்டாவி விடும்போதும் அவள் உடம்பு தூக்கிப்போட்டது. வைத்தியசாலைக்குக் கொண்டு போனோம். பார்த்துவிட்டு, கவனமாகப் பாருங்கள், வாந்தி வந்தால் உடனே கொண்டு வாருங்கள் என்று அனுப்பினார்கள். அன்று பொழுதுபடும்வரை நானும் அந்தப் படியில் அவளோடு இருந்தேன். குழந்தைக்கு ஒன்றும் ஆகவில்லை. அது சிரித்துக்கொண்டு மண்ணில் தவழ்ந்தது. நாங்கள் இரண்டு பேரும் அதைப் பார்த்துக்கொண்டு ஒரு வாய் தண்ணீர் இறங்காமல் இருந்தோம்.

அந்தப் படியில் இருந்துகொண்டுதான் உத்தியோகத்தருக்குப் போன் எடுத்தேன்.

“ஏன் அக்கா பதறுறீங்க?” என்றார் அவர். “அது புல்லுக்கு அடிக்கிறது. வெள்ளிக்கிழமைக்குள்ள காஞ்சிரும். ஒரு நெருப்ப வைச்சா இடம் பளிச்செண்டு ஆயிரும்.”

“எங்கட புள்ளையள் தின்னுற கீரை சேர் அது. காலையில ஒரு பச்சப்புள்ள திண்டிட்டு.”

“புள்ளைக்கு ஏதும் நடந்ததா?”

“இன்னும் இல்ல.”

“பாத்தீங்களா, ஒருத்தருக்கும் ஒண்டும் நடக்கல்ல. சும்மா ஊரைக் குழப்பாதீங்க. பம்பி வர இருக்கிற நேரம்.”

ஒருத்தருக்கும் ஒன்றும் நடக்கவில்லை. இந்தச் சொல்லைத்தான் என்னால் இன்றுவரை செமிக்க முடியவில்லை. ஏதாவது நடந்தால்தான் அது பிழையா? ஒரு குழந்தையைக் கொண்டு போய்க் காட்டினால்தான் அவர்களுக்கு அது ஆதாரமா? பிள்ளைகளின் தட்டுக்கும் அகப்பைக்கும் இடையில் நான் போய் நின்றதால்தான் ஒன்றும் நடக்கவில்லையோ என்று அவருக்கு ஒரு நினைப்பாவது வந்ததா?

அன்றுவரை அவரை நான் சேர் என்றுதான் கூப்பிட்டேன். “தம்பி” என்றேன். “இண்டைக்கு இந்தக் கட்டில கீரை ஆஞ்சு உங்கட வீட்ட கொண்டு போய்ச் சமைப்பீங்களா?”

சிக்னல் சரியில்லை என்று சொல்லிப் போனை வைத்துவிட்டார்.

அடுத்த இரண்டு நாளில் கட்டு மஞ்சளாகிக் காய்ந்தது. தோட்டவேலி ஓரத்தில் விதைக்கென்று விட்டிருந்த பயிற்றைக் கொடிகளின் இலைகளும் சுருண்டு கருகின. வியாழக்கிழமை அவர் அனுப்பிய ஆட்கள் வந்து கட்டுக்கு நெருப்பு வைத்தார்கள். அகத்தி மரங்களும் கருகி நின்றன.

அன்று பின்னேரம் தோட்டத்துப் பெண்கள் எல்லோரும் கூடினோம். இந்த விழா வேண்டாம், வருகிறவர்களை ரோட்டிலேயே திருப்பி அனுப்புவோம் என்றேன் நான். எல்லோரும் என் பக்கம் நிற்பார்கள் என்று நினைத்தேன். நிற்கவில்லை.

“உன்ட கோபம் நியாயந்தான்கா” என்றாள் எங்களோடு ஆரம்பத்திலிருந்து முள் வெட்டிய ஒருத்தி. “ஆனா கோடையில நான் என்ட தோளாலதான் தண்ணி சுமக்கணும். உன்ட கோபம் வந்து சுமக்காது.”

அவள் சொன்னதில் பிழை இல்லை. அதுதான் இன்னும் எரிச்சலாக இருந்தது. எங்களுக்கு நஞ்சும் அடித்துவிட்டு, அதை வாய் திறந்து சொல்லவும் பயப்பட வைத்திருக்கிறார்களே என்று. கடைசியில் ஒரு முடிவுக்கு வந்தோம். விழா நடக்கட்டும். வருகிறவர்களுக்குச் சாப்பாடும் கொடுப்போம். ஆனால் பொய் சொல்வதில்லை.

வெள்ளிக்கிழமை காலையில் உத்தியோகத்தர் முதலில் வந்தார். கருகிய கட்டு தெரியாமல் இருக்கத் தென்னோலைத் தோரணம் கட்ட ஆள் கொண்டு வந்திருந்தார். என்னிடம் வந்து, பழைய மாதிரியே சிரித்து, “அக்கா, பேசக்குள்ள எங்கட மண்ணில ஒரு சொட்டு நஞ்சும் விழல்ல எண்டு கட்டாயம் சொல்லுங்க. அதுதான் அவங்களுக்கு முக்கியம்” என்றார். நான் அவருடைய முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன். அவர் வெட்கப்படவில்லை. நடந்ததை மறைக்கிறோம் என்ற நினைப்புக்கூட அவரிடம் இல்லை. அவருக்கு அது நடந்ததாகவே இல்லை.

மகளின் மேசைச்சீலையை விரித்து, தோட்டத்தில் விளைந்த எல்லாவற்றையும் அடுக்கினோம். பூசணி, கத்தரி, மரவள்ளி, வாழைக்குலை. ஓரத்தில் ஒரு சுளகில், நெருப்பில் வேகாமல் தப்பிய கீரையை வேரோடு பிடுங்கிப் பரப்பி வைத்தேன். மஞ்சளும் பழுப்புமாகச் சுருண்டு கிடந்தது.

வாகனங்கள் வந்தன. மாலை போட்டோம். கொழும்பு அதிகாரி மரியாதையான மனிதராகத்தான் தெரிந்தார். செருப்பைக் கழற்றிவிட்டுத் தோட்டத்துக்குள் இறங்கினார், கத்தரியைத் தொட்டுப் பார்த்தார். மேசைக்கு வந்ததும் அந்தச் சுளகைக் காட்டிச் சிங்களத்தில் ஏதோ கேட்டார். இது என்ன என்று கேட்கிறார் என உத்தியோகத்தர் என்னிடம் சொன்னார், சொல்லிக்கொண்டே கண்ணால் வேண்டாம் என்றும் காட்டினார்.

நான் சொன்னேன். இது எங்கள் பிள்ளைகள் தினமும் தின்கிற கீரை, நீங்கள் வருகிறீர்கள் என்று இதற்கு நஞ்சடித்தார்கள், பாடசாலைச் சட்டி வரைக்கும் போய்விட்டது, அந்தத் தோரணத்தை விலக்கிப் பாருங்கள், நிலம் கறுத்துக் கிடக்கிறது. ஒவ்வொன்றாக, நிதானமாகத்தான் சொன்னேன். உத்தியோகத்தர் கேட்டு முடித்துவிட்டு அதிகாரிக்குச் சிங்களத்தில் சொன்னார். அதிகாரி முகம் மலர்ந்தது. என்னைப் பார்த்துத் தலையாட்டிச் சிரித்தார்.

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. இதைக் கேட்டு எப்படி ஒரு மனிதர் சிரிக்க முடியும்?

பின்னால் நின்ற மச்சாள் என் தோளைப் பிடித்தாள். “நீ சொன்னத அவர் சொல்லலகா” என்றாள். “காஞ்ச இலைய மக்க வைச்சுப் பசளை செய்யிற முறைய விளக்குறா எண்டு சொல்லிப்போட்டார்.”

நஞ்சடித்ததைக்கூட மன்னித்திருப்பேனோ என்னவோ. என் வாயிலிருந்து வந்த சொல்லை, என் முன்னாலேயே, என் முகத்தைப் பார்த்துக்கொண்டே மாற்றிச் சொன்னாரே, அதை எப்படி மன்னிப்பது? எங்களுக்கு அந்த மொழி தெரியாது என்ற துணிச்சல்தானே அது?

மச்சாள் என்னை விலக்கிக்கொண்டு முன்னுக்கு வந்தாள். கொழும்புச் சமையலறையில் படித்த சிங்களத்தில் அதிகாரியோடு நேரே பேசினாள். சத்தம் போடவில்லை. பேசிக்கொண்டே தன்னுடைய இரண்டு கைகளையும் விரித்துக் காட்டினாள். அவள் என்ன சொல்கிறாள் என்று எங்களுக்கு ஒரு சொல்லும் விளங்காவிட்டாலும், அதிகாரியின் சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாக வடிந்துபோனதில் எல்லாம் விளங்கியது.

அவர் உத்தியோகத்தரைத் திரும்பிப் பார்த்தார். உத்தியோகத்தர் வேகமாக ஏதோ சொல்லிக்கொண்டே கூட்டத்தைப் பார்த்துக் கைநீட்டினார். விரல் போன இடத்தில் அன்றைக்கு எண்ணெய் அடித்த அந்தக் கூலிக்காரர் நின்றார். தோரணம் கட்ட அவரைத்தான் கூட்டி வந்திருந்தார்கள். ஊராட்கள் விளக்கமில்லாமல் செய்துவிட்டார்கள் என்று பழி போடுகிறார் என மச்சாள் எங்களுக்குச் சொன்னாள்.

அந்த மனிதர் தோரணத்தைக் கீழே போட்டார். கழுத்திலும் முதுகிலும் தோல் சிவந்து தடித்திருந்தது. டாங்கி ஒழுகிய இடம் என்று பார்த்தவுடனேயே தெரிந்தது.

“டாங்கியும் மருந்தும் சேர்தான் தந்த” என்றார். அவர் சொன்னது எல்லோருக்கும் கேட்டது. “அந்தக் கட்டில எங்கட வீட்டயும்தான் கீரை ஆயிற. கீரைக்குத்தான் அடிக்கப் போறன் எண்டு தெரிஞ்சும் அடிச்சன். கூலிக்குப் போறவன் என்னத்தச் சொல்லுற?”

மச்சாள் அதையும் சிங்களத்தில் சொன்னாள். ஒரு சொல் கூட்டாமல் குறைக்காமல் சொன்னேன் என்று பிறகு என்னிடம் சொன்னாள்.

அதிகாரி, விசாரிக்கிறேன் என்றார். அவசரமாகப் பெயர்ப்பலகையின் திரையை இழுத்தார்கள். படம் எடுத்தார்கள். பிறகு சாப்பாட்டுக்குக் கூப்பிட்டோம். தோட்டத்து மரவள்ளி, கத்தரிக்காய்ப் பால்கறி, வாவி இறால். வாழையிலை போட்டு, தண்ணீர் தெளித்து வைத்திருந்தோம். வந்தவர்கள் தங்களுக்குள் ஏதோ பேசிக்கொண்டார்கள். நேரமாகிவிட்டது என்றார்கள். வாகனத்துக்குப் போய், போத்தல் தண்ணீரும் பிஸ்கட் பெட்டியும் எடுத்துச் சாப்பிட்டதை நாங்கள் எல்லோரும் இலைகளுக்குப் பக்கத்தில் நின்று பார்த்தோம்.

நஞ்சு என்று கேட்டதும் ஒருவேளைச் சாப்பாட்டுக்கு அவர்களுக்கு அவ்வளவு பயம். பயந்ததில் பிழை இல்லை, நானும் பயந்துதானே ஓடினேன். ஆனால் அந்தப் பயம் தங்களுடைய வாய்க்கு மட்டும்தான் வருமா? தினமும் அந்தக் கட்டில் கை நீட்டித் தின்கிற பிள்ளைகளைப் பற்றி ஒருவர்கூட ஒரு கேள்வி கேட்காமல் போனார்களே. குழந்தை எப்படி இருக்கிறது என்றுகூடக் கேட்கவில்லை. அந்தத் தாய் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு எங்களுக்கு நடுவில்தான் நின்றாள்.

அவர்கள் போன பிறகு இலைகளில் இருந்ததை நாங்களே இருந்து சாப்பிட்டோம். அந்தக் கூலிக்காரரையும் கூப்பிட்டு இருத்தினோம். வேலியோரத்துத் துண்டுகளில் இருந்து அன்றைக்கு எதையும் எடுக்கவில்லை என்பதையும் இங்கே சொல்லிவிடுகிறேன். சாப்பிட்டு முடித்ததும் மச்சாளின் வீட்டுக்காரர் அவரை மோட்டார் சைக்கிளில் ஏற்றி வைத்தியசாலைக்குக் கொண்டு போனார்.

பம்பி வரவில்லை. விசாரணை என்று ஒருவரும் வரவும் இல்லை. அந்த உத்தியோகத்தர் வேறு இடத்துக்கு மாறிப்போனார் என்று கேள்விப்பட்டேன், எதற்காக என்று தெரியாது. பெயர்ப்பலகையைக் கழற்றுவதா வேண்டாமா என்று எங்களுக்குள் பெரிய வாக்குவாதம் நடந்தது. கடைசியில் தோளைப் பற்றிச் சொன்ன அதே பெண் போய் அதைக் கழற்றி, சாக்கில் சுற்றி, அவர்களுடைய அலுவலக வாசலில் கொண்டுபோய்ச் சாத்திவிட்டு வந்தாள். “தண்ணிய நான் சுமப்பன், இந்தப் பொய்ய என்னால சுமக்க ஏலாது” என்றாள்.

நாங்கள் கட்டின் மேல்மண்ணைச் சுரண்டி அள்ளி ஒதுக்கினோம். இரண்டு மாரி போகும்வரை அங்கே யாரும் எதையும் ஆய்வதில்லை என்று ஊரில் சொல்லி வைத்திருக்கிறோம். இப்போதைக்குப் பிள்ளைகளுக்கான கீரையைத் தோட்டத்துக்குள், நாங்கள் ஒவ்வொருவரும் எங்கள் துண்டில் ஒரு பாத்தி விட்டு வளர்க்கிறோம். சில மாதங்களுக்கு முன்பு வேறு யாரோ அனுப்பி, வாய்க்காலின் மேல்பக்கத்துக்கு எண்ணெய் அடிக்க ஆட்கள் வந்தார்கள். பெண்கள் போய் வழிமறித்துக் கட்டின் மேல் வரிசையாகக் குந்திவிட்டார்கள். நான் அன்று ஊரில் இல்லை. நான் இல்லாமலேயே அது நடந்தது என்பதுதான் எனக்கு எல்லாவற்றையும்விடப் பெரிய ஆறுதல். வந்தவர்கள் திரும்பிப் போய்விட்டார்கள்.

வீட்டுக்கு வந்த விருந்தாளிகளை அவமானப்படுத்திவிட்டாய் என்று உறவினர் சிலர் இன்னும் என்னிடம் சொல்கிறார்கள். கோபம் பெண்ணுக்கு அழகில்லை என்றும் சொல்கிறார்கள். அகப்பை பிள்ளையின் தட்டை நோக்கி இறங்கிக்கொண்டிருந்த அந்தக் கணத்தைக் கண்ணால் பார்த்தவள் நான். ஒன்றும் நடக்கவில்லையே என்று யாராவது சொல்லக் கேட்கும்போதெல்லாம், ஏதாவது நடக்கும்வரை பொறுத்திருக்க எங்களுக்கு உரிமை இல்லை என்றுதான் இன்றைக்கும் என் மனம் பதில் சொல்கிறது.